கூசுதுங்களா?

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்பார் எங்கள் டாக்டரம்மா. 'எங்கள்' என்று நான்தான் உரிமை கொண்டாடுகிறேன். அவர் செங்கல்பட்டுக்காரர் இல்லை, ஈரோட்டுப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. குடியிருப்பில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தினமும் பஸ் ஏறி வந்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் பல் ஆஸ்பத்திரி நடத்தினார். கீழே ஜாங்கிரி, மேலே பல் டாக்டர். "நல்லா எடம் புடிச்சீங்க டாக்டரே" என்று மாடி ஏறி வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள். ஏதோ அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் அவரும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். எனக்கென்றால் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைப்பது, வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் என் வேலை. வருகிறவர்கள் நர்ஸம்மா என்பார்கள். நான் நர்சுக்குப் படித்தவள் இல்லை. பத்தாவது, அதுவும் கணக்குப் பரீட்சையில் தட்டுத் தடுமாறி. டாக்டரம்மாவுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் ஒரு நாள்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அம்மிணி என்பார். எனக்கு வாய் ஜாஸ்தி, அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. அதனால் வண்டி ஓடியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு காரியம் செய்தேன். மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. சுத்தம் செய்யலாமே என்று திறந்தால், மேல் அறையில் ஐஸ் மண்டிக் கிடந்தது. அதற்குள் ஒரு தட்டில் ஊசி மூடிகள் வரிசையாக நின்றன. ஊசி போடுமுன் கழற்றுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் மூடி. சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. எனக்கு முன்னால் இருந்தவள் யாரோ சோம்பேறி, குப்பையை உள்ளே வைத்திருக்கிறாள் என்று அத்தனையையும் வாரிக் கொட்டிவிட்டு, ஃபிரிட்ஜைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வைத்தேன். முதல் ஆள் வந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மா ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"அம்மிணி, இதுல குச்சி குச்சியா ஐஸ் இருந்துச்சுங்களே?"

"அந்தக் குப்பையா டாக்டர்? தூக்கிக் கடாசிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். "சரீங்க, கீழ ஜூஸ் கடையில ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கியாறீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

கழுவிக் கொதிக்க வைத்த அந்த மூடிகளில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் மெழுகுவத்தித் துண்டு மாதிரி ஐஸ் குச்சி கிடைக்கும். பல்வலி என்று யார் வந்தாலும் அவர் முதலில் எடுப்பது அந்தக் குச்சியைத்தான். நல்ல பல்லில் ஒரு தொடு, கெட்ட பல்லில் ஒரு தொடு. "கூசுதுங்களா?" கூசுகிறது என்று அலறினால் அவர் முகம் மலர்ந்துவிடும். "கூசுனா உசுரு இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்பார். சட்டென்று கூசி, ஐஸை எடுத்ததும் அடங்கிவிட வேண்டும், அதுதான் நல்ல கூச்சம். எடுத்த பிறகும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டே இருந்தால் அவர் நெற்றி சுருங்கும். ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் அவர் பேசவே மாட்டார். கூசினால் பிளஸ், கூசாவிட்டால் மைனஸ். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அட்டையில் அதற்கென்று ஒரு கட்டம்.

பல்லுக்குள் இருப்பதை நாமெல்லாம் நரம்பு என்போம். அவருக்கு அந்தச் சொல் ஆகாது. "வெறும் நரம்பு இல்லீங்க அம்மிணி. ரத்தம் ஓடுது, சதை இருக்குது, பல்லுக்குச் சோறு போடறதே அதுதானுங்க. உசுருன்னு சொல்லிப் பழகுங்க." பழகினேன். ஒரு நாள் திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் ஆறுதலாகத்தான் சொன்னேன்: "பயப்படாதீங்க. உங்க உசுர எடுக்க வேணாமாம், மூடி வச்சே காப்பாத்திடலாமாம்." அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னாது? உசுர எடுக்கறதப் பத்தி பேசிகினு கீறீங்களா?" செருப்பைக்கூட மாட்டாமல் படி இறங்கிப் போய்விட்டார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து, முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே கீழே ஓடி, மிட்டாய்க் கடை வாசலிலிருந்து பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அவர் வேலை செய்கிற விதம் ஆரம்பத்தில் எனக்குப் பிடிபடவே இல்லை. சொத்தையை மிஷினை வைத்துக் கடகடவென்று குடைந்து முடிக்கமாட்டார். ஓரங்களை மட்டும் மிஷினில் சுத்தம் செய்வார். ஆழம் போகப் போக ஒரு சின்னக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குக் காது குடைவதுபோல் பதமாகச் சுரண்டுவார். சுரண்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்திவிடுவார். அடியில் இன்னும் பழுப்பாக, மெத்தென்று ஒரு படலம் இருக்கும். என் கண்ணுக்கே தெரியும்.

"டாக்டர், இன்னும் கீது."

"தெரியுதுங்க அம்மிணி. அதுக்கு அடியிலதான் உசுரு இருக்குது. இதுக்கு மேல சுரண்டுனா நாமளே குத்திப் போட்டுருவோம். மூடி வெச்சுப் பாப்போமுங்க."

மருந்துச் சிமெண்ட்டை வைத்து இறுக்க மூடிவிடுவார். ஒட்டு விடாமல் மூடிவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் கிருமிக்குத் தீனி கிடைக்காது, அது அடங்கிவிடும், பல் தன் பங்குக்கு உள்பக்கமிருந்து ஒரு சுவரை எழுப்பிக்கொள்ளும் என்பார். இதை ஊராருக்கு யார் புரியவைப்பது? வேடந்தாங்கலிலிருந்து வந்த ஒரு விவசாயி நாற்காலியில் படுத்தபடியே என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னாம்மா இது, பூச்சிய உள்ளயே வுட்டு மூடறீங்க? களை எடுக்க வந்தவ பாதி எடுத்துட்டு வரப்புல குந்திக்கினா ஒத்துக்குவமா?" எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டு, "ஆறு மாசம் கழிச்சு வாங்கண்ணா, வந்து என்னைய நல்லாத் திட்டுங்க" என்றார். ஆறு மாதம் கழித்து அவர் வந்தார். ஒரு பை நிறைய மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அந்தப் பல்லாலேயே ஒன்றை ஓட்டோடு கடித்து உடைத்துக் காட்டினார். "ஐயோ, கடிக்காதீங்கண்ணா!" என்று டாக்டரம்மா பதறியதில் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார்.

இந்த 'மூடி வெச்சுப் பாப்போம்' பல்லுக்கு மட்டும் இல்லை. காபியைப் பாதி குடித்துவிட்டு மேலே சாஸரை வைத்து மூடுவார். ஆறிப்போனதை நான் எடுத்துக் கொட்டப் போனால், "குடிப்பனுங்க, எதுக்குக் கொட்டறீங்க?" என்று பிடுங்கிக்கொள்வார். மாடிப்படியில் யாரோ விட்டுப்போன ஒரு ரோஜாத் தொட்டி இருந்தது. செடி விறகுக்குச்சி மாதிரி காய்ந்து கிடந்தது. அதற்கு ஒரு வருடம் தண்ணீர் ஊற்றினார். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து, "உள்ள பச்சை இருக்குதுங்க" என்பார். எனக்கு ஒரு பச்சையும் தெரியாது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நானே தொட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு, பூனை தள்ளிவிட்டது என்று சொன்னேன். நான் அப்படியெல்லாம் கூசாமல் பொய் சொல்கிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர் பாவம், ஒரு வாரம் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கூச்சம் என்ற சொல்லே ஆகாது. இது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. திருவிடந்தையிலிருந்து ஒரு மீனவர் மனைவியோடு வந்தார். ஐஸ் குச்சியை வைத்து டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார்.

"கூச்சமா, எனக்கா? அதெல்லாம் ஒண்ணும் கூசல."

மறுபடியும் வைத்தார். "கல்லு மாதிரி கீது டாக்டரே" என்றார் அந்த மனிதர். டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. உயிர் போய்விட்டது, உள்ளிருப்பதை முழுக்க எடுக்கத்தான் வேண்டும் என்று கருவிகளை எடுத்து வைக்கச் சொன்னார். நான் தட்டோடு திரும்பும்போது, ஓரமாக உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்தார்.

"இன்னாய்யா, கூசலயா? காலைல மோர் குடிச்சிட்டு ஊரே கேக்கற மாதிரி கத்தினியே, அது யாரு? டாக்டரம்மா, இந்தாள நம்பாதீங்க. பொம்பளைங்க முன்னாடி கூசுதுன்னு சொல்லக் கூச்சம் இவருக்கு!"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "லேசா கூசுது" என்றார். அந்தப் பல் பிழைத்தது. அன்றிலிருந்து டாக்டரம்மா வார்த்தையை மட்டும் நம்புவதை விட்டுவிட்டார். "நான் வாயைப் பாக்கறனுங்க அம்மிணி, நீங்க காலைப் பாருங்க" என்று எனக்கு ஒரு புது உத்தியோகம் கொடுத்தார். நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருக்கிற ஆளுக்கு நிஜமாகவே கூசினால், வாய் என்ன சொன்னாலும் கால் கட்டைவிரல் மடங்கிவிடும். எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் மடங்கும். ஐஸ் வைத்ததும் அவர் திரும்பாமலே, "அம்மிணி, கால்?" என்பார். "மடங்கிச்சு டாக்டர்" என்றோ, "மடங்கல" என்றோ நான் சொல்வேன். வாயும் காலும் ஒத்துப்போனால்தான் அட்டையில் எழுதுவார்.

மூடிவைத்த பல்லெல்லாம் பிழைத்தது என்று நான் சொல்லமாட்டேன். மதுராந்தகம் பக்கத்துக்காரர் ஒருவர், பஸ் கண்டக்டர். ஐஸை எடுத்த பிறகும் அவர் கால் விரல் மடங்கியது மடங்கியபடியே இருந்தது. நான் ஜாடை காட்டினேன். டாக்டரம்மா பார்த்தார், பார்த்தும் மூடினார். நாலாம் நாள் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிப்போய், அந்த மனிதர் மாடி ஏறி வந்து கத்திய கத்தலில் கீழே ஜாங்கிரி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பதிலுக்குக் கத்த நான் தயாரானேன். டாக்டரம்மா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "தப்பு என்னுதுங்கண்ணா. உசுரு தேறிக்கும்னு நெனச்சேன், தேறல. உங்கள நாலு நாளு நோக வெச்சுட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆள் அதற்குமேல் என்ன கத்துவார்? நாற்காலியில் படுத்துக்கொண்டார். டாக்டரம்மா சாப்பிடாமல்கூட உட்கார்ந்து அந்த வேலையை முடித்தார்.

கண்டக்டர் போன பிறகு, "தெரிஞ்சே எதுக்கு டாக்டர் மூடினீங்க?" என்று கேட்டுவிட்டேன். சாஸரை நகர்த்திவிட்டு ஆறிய காபியைக் குடித்தார்.

இனி என் மகள் விஷயம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மாடிக்கு வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஐஸ் குச்சிகளைப் பார்த்து, "பொம்மைக்குக் குச்சி ஐஸா டாக்டர் ஆன்ட்டி?" என்று கேட்டவள். 'கூசுதுங்களா' என்பதை அவரைப்போலவே இழுத்துச் சொல்லிக் காட்டுவாள். டாக்டரம்மா அவளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெரிய உருண்டைப் பாறை நிற்கும் சரிவில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே பாறை வழுவழுவென்று இருக்கும். இவளும் சறுக்கினாள். கீழே நின்ற பெண்ணின் தலையில் இவள் வாய் போய் மோதியது. டீச்சர் போன் செய்ததும், சிறுசேரிக் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நேராகப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். மேல் வரிசை முன்பல், நட்டநடுவில் இருப்பது, பாதி இல்லை. உடைந்த இடத்தின் நடுவே குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று வருடமாக அடுத்தவர் வாயைப் பார்த்தவள் நான். என் பிள்ளை வாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"புடுங்கிட்டு வேற பல்லு வச்சிக்கலாமா டாக்டரே? பொட்டப்புள்ள, நாளைக்குக் கறுத்துப்போச்சின்னா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சித்த இருங்கண்ணா" என்றார் டாக்டரம்மா. "ஒம்போது வயசுல இந்தப் பல்லோட வேரு முழுசா வளந்திருக்காதுங்க. நுனி தொறந்துதான் கெடக்கும். உள்ள உசுரு இருந்தாத்தான் வேரு நீண்டு, கெட்டிப்பட்டு, நுனி மூடும். இப்பச் செத்துப்போச்சுன்னா முட்டை ஓடாட்டம் அப்படியே நின்னுரும். என்னைக்காச்சும் ஒடிஞ்சு போகும்."

பிறகு என்னைப் பார்த்தார். "அம்மிணி, குழாயைப் பிடிப்பீங்களா, இல்ல வெளிய இருக்கறீங்களா?"

பிடித்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அந்தச் சிவப்பை மேலாக ஓர் எள்ளளவு மட்டும் எடுத்தார். ரத்தம் பொங்கி வந்தது. நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்துக்குள் ரத்தம் நின்றால் உள்ளே இருப்பது நல்ல உயிர், நிற்காவிட்டால் அழுகல் ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும், அதுதான் கஷ்டம். தெரியாமல் இருந்திருந்தால் சாமியையாவது கும்பிட்டுக்கொண்டிருப்பேன். பஞ்சை எடுத்தார். நின்றிருந்தது. அவரும் அப்போதுதான் மூச்சு விட்டார். வெள்ளைச் சிமெண்ட்டை வைத்து மூடி, மேலே பல் நிறத்தில் ஒட்டி, பாதிப் பல்லை முழுப் பல்லாக்கி அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். "மூடி வெச்சுப் பாப்போமுங்க" என்று அவர் சொன்னபோது, அதுவரை ஆயிரம் தடவை கேட்ட வார்த்தைக்கு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பல் தேய்த்ததும் அவளை வாசலுக்கு இழுத்துப்போய் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்வேன். கறுக்கிறதா, கறுக்கிறதா என்று அதே பார்வைதான். அவளுக்கு வெறுத்துப்போய், சிரிக்கும்போதே கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

மூன்றாம் மாதம் ஐஸ் வைத்தபோது, "கூசல ஆன்ட்டி" என்றாள். "பரவால்ல சாமி, இன்னும் நாளு கெடக்குது" என்றார் டாக்டரம்மா. ஆனால் அவர் முகம் விழுந்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஆறாம் மாதம். முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார். "கூசுது!" என்றாள், கட்டைவிரல் சுருண்டு மடங்கியது. பிறகு அந்தப் பல். ஐஸ் சரியாகப் பட்டதோ இல்லையோ, "கூசுது ஆன்ட்டி, நல்லாக் கூசுது!" என்றாள்.

"அம்மிணி, கால்?"

கால் மடங்கவில்லை. பத்து விரல்களும் வைத்தது வைத்தபடி நேராக நின்றன. இல்லை என்று சொன்னால் உயிர் போய்விட்டது என்று ஆகிவிடும், உள்ளிருப்பதை எடுக்க வேண்டும், முட்டை ஓடு மாதிரி நிற்கும், ஒடியும். எல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"மடங்கிச்சு டாக்டர்" என்றேன்.

அவர் அட்டையை எடுத்துப் பெரிதாக ஒரு பிளஸ் போட்டார். அன்றைக்குக் காபியைச் சூடு ஆறுமுன் முழுசாகக் குடித்தார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், "நெசமா கூசிச்சாடி?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொளவாய் ஏரியைப் பார்த்தாள். பிறகு, "கூசலன்னு சொன்னா ஆன்ட்டி மூஞ்சி தொங்கிப்போவுதும்மா" என்றாள். நான் பயத்தில் பொய் சொன்னேன். அவள் அவருக்காகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை, டாக்டரம்மா பஸ் இறங்கி வந்து பையைக்கூட வைக்கவில்லை, சொல்லிவிட்டேன். "டாக்டர், நேத்து கால் மடங்கல. நான் பொய் சொன்னேன். அவளும் பொய்தான் சொன்னா."

"தெரியுமுங்க அம்மிணி" என்றார். "நானும் திரும்பிப் பாத்தேன்."

"பின்ன எதுக்கு பிளஸ் போட்டீங்க?"

பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார். "நீங்க ரெண்டு பேரும் சொன்னீங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கோணும்னு ஆசைங்க" என்றார். கண்டக்டர் விஷயத்தில் நான் கேட்டதற்கு அப்போது கிடைக்காத பதிலும் அதுதான் என்று எனக்குப் பட்டது. அவர்மேல் கோபமும் வந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலும் இருந்தது.

அன்று மாலை மகளைத் திரும்ப நாற்காலியில் ஏற்றினார். ஐஸ் இல்லாத வெறும் பஞ்சை எடுத்து அந்தப் பல்லில் வைத்தார். "கூசுது!" என்று கத்தினாள் அவள்.

"கூசாமலே கூசுதுன்னு சொல்றியே சாமி, உனக்குக் கூச்சமா இல்ல?"

அவள் பஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. டாக்டரம்மா அவள் தலையைத் தடவி, "என் மூஞ்சி எப்படிப் போனாலும் நீ நெசத்தைத்தான் சொல்லோணும். நான் வாடுனா வாடிக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். அடிபட்ட அன்று எடுத்ததையும் அன்றைக்கு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழையதில் வேரின் நுனி புனல் மாதிரி அகன்று திறந்திருந்தது. புதியதில் வேர் நீண்டிருந்தது, சுவர் தடித்திருந்தது, நுனி குறுகிவந்திருந்தது.

"செத்தது வளருமுங்களா அம்மிணி?" நுனியை விரலால் தொட்டுக் காட்டினார். "சிமெண்ட்டு கனமா இருக்குது, குளிர்ச்சி உள்ள எறங்கியிருக்காது. அதனால கூசாம இருக்கலாம்."

"அப்போ பிளஸ்தானே டாக்டர்?"

"இல்லீங்க. கூசுனாத்தான் பிளஸ். அவளே ஒரு நாளு சொல்லட்டும்." அட்டையை எடுத்து முந்தின நாள் போட்ட பிளஸ்ஸை அடித்துவிட்டு, பக்கத்தில் வெறும் கட்டம் ஒன்று வரைந்தார். ஆசைப்பட்டுத் தான் போட்டதைத் தானே அடித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அடுத்த இரண்டு வருடத்தில் வேர் முழுசாக வளர்ந்து நுனி மூடிவிட்டது. கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. அதற்குள் அவர் கணவருக்கு வடக்கே வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. மாடியைக் காலி செய்தார். வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் அட்டையைக் கொடுத்தனுப்பினார். என் மகள் அட்டையை என் கையில் வைத்து, "பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார். அந்தச் சின்ன ஃபிரிட்ஜை எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டில் இறக்கித் திறந்து பார்த்தால், மேல் அறையில் தட்டும் ஊசி மூடிகளும் அப்படியே இருந்தன. இந்தத் தடவை நான் கொட்டவில்லை. சில வருடம் பொங்கலுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பிறகு நம்பர் மாறிவிட்டது. யாராவது 'கூசுது' என்று சொல்லக் கேட்டால் இன்றைக்கும் என் தலை தானாகத் திரும்பும்.

மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. சிறுசேரியில் வேலை, கம்பெனி வண்டியில் போய்வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முறுக்கைக் கடித்தவள், அந்த முன்பல்லில் ஒட்டிவைத்திருந்த துண்டு பெயர்ந்துவிட்டது என்று கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். உடனே தண்ணீர் குடிக்கப் போய், "ஸ்ஸ்... அம்மா, கூசுது!" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். "உன் பேச்ச நான் நம்பமாட்டேன். படு."

"இன்னாமா?"

"கட்டில்ல கால நீட்டிப் படுன்றேன்."

ஊசி மூடியில் ஊற்றிவைத்த ஐஸ் எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்கும், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஒரு குச்சியை உருவி எடுத்து, முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தேன். பிறகு அந்தப் பல். நான் எதுவும் கேட்கவில்லை. அவள் வாயையும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல்களும் சுருண்டு மடங்கின. ஐஸை எடுத்ததும் நிமிர்ந்தன.

பீரோவுக்குள்ளிருந்து அட்டையைத் தேடி எடுத்தேன். ஓரமெல்லாம் பழுத்திருந்தது. காலியாக இருந்த அந்தக் கட்டத்தில் ஒரு பிளஸ் போட்டேன். அதைப் பார்க்க அவர் இல்லையே என்று நினைத்ததும் எழுத்தே தெரியவில்லை, கோடு கோணிக்கொண்டது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாமா நீ அழுற? எனக்குத்தானே கூசுது?"